உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை

அம்மாவுக்கு, ஓசூரிலிருந்து ஆரோக்கியசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா? நம்மூர் காணையில் மழை விட்டதா?

இரண்டு மாதத்துக்கு முன் கம்பெனி பஸ் கவிழ்ந்ததைப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னேன். பக்கத்து சீட்டில் இருந்த பொன்னி என் மடியிலேயே செத்துப்போனதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து பிரேக் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிடுகிறேன். கண்ணை மூடினால் அவள் முகம்தான். பஸ் ஏறப் பயந்து வேலைக்கு நடந்தே போகிறேன்.

லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர், "உடம்புல ஒரு கீறல்கூட இல்ல, உனக்கு எதுக்கு லீவு?" என்றார். தூக்கமில்லை என்றதற்கு நீயும், "பயந்துக்கினு இருக்கற. ஜெபம் பண்ணா சரியாப்பூடும்" என்றாய்.

நேற்று மனநல டாக்டரைப் பார்த்தேன். "ஒரு மாசம் தாண்டியும் தூக்கமும் வேலையும் கெடுதுன்னா, தானா போவும்னு காத்திருக்கக் கூடாதும்மா. இதுக்கு வைத்தியம் இருக்கு" என்றார். அவர் ஒருவர்தான் நான் சொன்னதை நம்பினார்.

என் பழைய போர்வையையும், கொஞ்சம் வறுத்த மல்லாட்டையும் அனுப்பு; இங்கே அதை வேர்க்கடலை என்கிறார்கள். ஹாஸ்டலில் என்னோடு பேச யாருமில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பைத்தியம் என்று பேர் வந்துவிடும், வெளியே சொல்லாதே என்பாய். கால் உடைந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாய் அல்லவா? இதையும் அப்படியே சொல்.

செல்வி