இரவல் போன பெயர்

கருவாரு
ஞாயிறு இரவு

அன்புள்ள ஜெனில்சன் அண்ணாவுக்கு,

ரையானி எழுதுகிறேன். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இருக்காது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கு முதுகுவலி பழையபடிதான். யோவான் திருவிழா நெருங்குவதால் தையல் நிறைய வருகிறது. ஜீன்ஸ் துணியின் நீலம் எங்கள் இரண்டு பேர் நகத்திலும் ஏறிவிட்டது, சோப்புக்குப் போவதில்லை. மற்றபடி செய்தி ஒன்றுமில்லை என்று முடித்துவிட முடிந்தால் நன்றாக இருக்கும்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அடிக்கமாட்டாள், பேசுவதை நிறுத்திவிடுவாள். எனக்கு அதுதான் பயம். லாரிக்கார அதெர்பால் மாமா விடிந்ததும் சாவோ பாவ்லோவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறார். புதன்கிழமைக்குள் இதை உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். போனில் கூப்பிட்டுப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. கடன்காரன் என்று நினைத்திருப்பாய். நாங்களும் அப்படித்தான். போன் அடித்தால் அம்மா அதைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டுத் தைக்கிறாள்.

கடன் கட்டாதவர்கள் பட்டியலில் ஏறி அம்மாவின் பெயர் அழுக்கானது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதோடு ஒரு வீட்டில் இருப்பது எப்படி என்று உனக்குத் தெரிந்திருக்காது. போன வாரம் நூல் வாங்க அவளோடு போனேன். எப்போதும்போல் கணக்கில் எழுதச் சொன்னாள். கடைக்காரப் பெண் அம்மாவின் அடையாள எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "லிந்தால்வா அக்கா, உங்க பேரு சிவப்பா வருதே, கையில காசு இருந்தா குடுங்க" என்றாள். பின்னால் நின்ற நெய்டே அத்தை சிரித்துக்கொண்டே, "ஊருக்கே பேரு குடுத்த மகராசி, இப்ப ஒரு நூல்கண்டுக்கு வழியில்லாம நிக்கறா பாரு" என்றாள். அவள் வீட்டுக் குளிர்பெட்டி அம்மாவின் பெயரில் தவணைக்கு வாங்கியதுதான். நூல் வாங்காமலே வந்துவிட்டோம்.

இஸ்திரிப் பெட்டியை இரவல் கொடுப்பதுபோல் அம்மா பெயரைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தெருவில் யாருடைய பெயர் அழுக்கானாலும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். ஒருவரும் ஏமாற்றவில்லை அண்ணா, தவணையைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்துவிடுவார்கள், நெய்டே அத்தைகூட. அம்மாவின் பெயரில் எடுத்த உன் மோட்டார் சைக்கிளின் தவணை ஒன்றுதான் நின்றுபோனது. குறை சொல்ல எழுதவில்லை. எனக்குக் கோபம் வரவேண்டும் என்று தெரிகிறது, வரவில்லை. ரொம்ப நேரம் மேலே படுத்துத் தூங்கியதில் மரத்துப்போன கை மாதிரி இருக்கிறேன்.

சாம்பல் புதன் கழிந்த பிறகு எவான்ட்ரோ என்று ஒருவர் வந்தார். டை கட்டியிருந்ததால் தெருவில் எல்லோரும் டாக்டர் என்கிறார்கள். அழுக்கான பெயரைக் கழுவித் தருவது அவர் தொழிலாம். "சிஸ்டத்துக்குள்ள நம்ம ஆளு இருக்கான், தலைவி. நீங்க கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள உங்க பேரு பளபளன்னு வெளிய வந்துரும்" என்றார். அம்மா திருவிழாவுக்கு என்று சேர்த்து வைத்ததையெல்லாம் கொடுத்தாள். பெயர் வெளியே வரவில்லை. கேட்டபோது, உள்ளே இருந்த ஆளை மாற்றிவிட்டார்கள் என்றார்.

இப்போது வேறு வழி சொல்கிறார். வருகிற சனிக்கிழமை எனக்குப் பதினெட்டு முடிகிறது. அன்றைக்கு என் பெயரில் ஒரு கடன் எடுத்து, அதை வைத்து அம்மாவின் பெயரைக் கழுவிவிடலாமாம். என்னை மேலும் கீழும் பார்த்து, "பொண்ணு பேரு இன்னும் பெட்டியிலேர்ந்தே பிரிக்கலையே, சும்மா வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றார். அம்மா சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிவிட்டது.

அதன் பிறகு பள்ளி விட்டதும் நான் தனியாகச் சட்டக் கல்லூரிக்குப் போனேன். கடனில் மாட்டியவர்களுக்கு அங்கே இலவசமாக வழி சொல்கிறார்கள் என்று எங்கள் கணக்கு டீச்சர் வகுப்பில் ஒருமுறை சொல்லியிருந்தார். சொலாஞ்சி என்று ஒரு வக்கீல் அம்மா இருந்தார். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, "பேரைக் கழுவ எவனுக்கும் சல்லிக்காசு குடுக்க வேணாம் கண்ணு. கடைக்காரங்ககிட்ட நேரா உக்காந்து பேசினா தவணையைக் குறைச்சு எழுதித் தருவாங்க, நாங்களும் கூட வந்து உக்காருவோம். முதல் தவணை கட்டின கொஞ்ச நாள்லயே பேரை எடுத்துருவாங்க. முன்பணம் கேக்கறவன் உன் பேரையும் சேர்த்துத்தான் திம்பான். எவன் போன்லயும் உன் மூஞ்சியக் காட்டிராத, இப்பல்லாம் கடனுக்கு அதுதான் கையெழுத்து" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான், "சரி, வண்டி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். வண்டி வாங்கிய கடையில், அது எங்கே என்றே தெரியாது என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். அவருக்குப் புரிந்துவிட்டது, ஆனால் என்னை அதட்டவில்லை. "பொய்ய மடியில கட்டிக்கிட்டு நாங்க பேச முடியாதும்மா. வண்டி யார்கிட்ட இருக்கோ அவங்க இந்த மாசத்துலேர்ந்து கட்டணும், இல்லாட்டி வண்டிய ஒப்படைக்கணும். வித்த காசைக் கடன்ல கழிச்சுக்குவாங்க. உங்கம்மா இங்க வந்து உண்மையச் சொல்லட்டும், மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா மெஷினை நிறுத்தவேயில்லை. "வண்டியப் புடுங்கிட்டா எம்புள்ள அந்த ஊர்ல எத ஓட்டிக் கஞ்சி குடிப்பான்? உனக்கு உம்பேரு அவ்ளோ பெருசாப் போச்சா? நான் தெருவுக்கே குடுத்தேன், தேஞ்சா போச்சு?" என்றாள். பிறகு எழுந்துபோய் சோளப் புட்டு அவித்து, என் தட்டில் மட்டும் வெண்ணெய் அதிகமாக வைத்தாள். சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

அவள் கெட்டவள் இல்லை அண்ணா. இரண்டு பிள்ளைகளில் யாருக்கு இப்போதே பசிக்கும் என்று பார்க்கிறாள். எனக்குப் பசி பிறகுதான் வரும். பள்ளி முடிந்ததும் நர்சிங் படிப்பில் தவணைக்குச் சேரலாம் என்றிருந்தேன். அதற்குக் காட்ட என்னிடம் இருப்பது என் பெயர் ஒன்றுதான்.

சாவோ பாவ்லோவில் உனக்கு எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. வாரத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது, அந்த அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள், எதுவும் நீ சொன்னதில்லை. கட்ட முடியாமல்தான் விட்டிருப்பாய். அதனால் பணம் அனுப்பச் சொல்லவில்லை, ஊருக்கு வரவும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் செய். வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு சுலெய்டே அக்காவின் போனுக்குக் கூப்பிடு. அந்த எண்ணை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அம்மா உன் குரலுக்கு ஓடி வருவாள். "வண்டி எங்கிட்ட இருக்குன்னு சொல்லிரும்மா, ரையானி கூட அந்தக் காலேஜுக்குப் போ" என்று சொல். இதை நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். நீ சொன்னால் கேட்பாள். வண்டியை என்ன செய்வது என்பதை நீயே சொலாஞ்சி அம்மாவிடம் பேசிக்கொள்ளலாம். அவர் நல்லவர். நல்லவர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், என்னிடம் எதையும் கேட்டு வாங்காமல் அனுப்பினார்.

நீ கூப்பிடாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலை அம்மா எனக்குத் தலை வாரிவிடுவாள். அந்த ஆள் போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்வார், இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்பார். ஓடிவிடுவேன், கத்துவேன் என்றெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அப்படி எதுவும் நடக்காது. அம்மா பின்னால் நின்று என் தோளில் கை வைத்திருப்பாள். அந்த ஆள் சொல்கிற பக்கமெல்லாம் நான் திரும்பிவிடுவேன் அண்ணா.

அம்மா இருமுகிறாள், எழுந்துவிட்டாளோ என்னவோ. இத்துடன் நிறுத்துகிறேன்.

கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். மழை நாளில் அந்த வண்டியை மெதுவாக ஓட்டு.

உன் தங்கை,
ரையானி