நின்ற பிறகு வந்தது

மச்சாள்,

விடிய எழும்பி, ஊறவைத்த வெந்தயத்தை வழித்து வாயில் போட்டேன். எனக்கும் மாறுகிற வயது வந்து, இப்போது உடம்பு கொதிக்கத் தொடங்கிவிட்டது. நீர் சொன்ன மாதிரியே முதலில் காதுக்குப் பின்னால்தான் வேர்க்கிறது. கசப்புத் தெரியவில்லை. நீர் போனதிலிருந்து பல விஷயங்கள் எனக்கு அப்படித்தான்.

என் அண்ணையைக் கட்டி நீர் நெடுந்தீவுக்கு வந்த காலத்தில், உமக்கு மாதநாள் நெருங்குவதை வீட்டு மாடுகளே அறியும். "மாட்டோடை எரிஞ்சு விழுறீர், ஓமம் அவிக்கட்டே?" என்று கல்வேலிக்கு மேலால் கேட்பேன். "ஓம், அவியும். உம்மடை அண்ணைக்கு விழவேண்டியதுதான் மாட்டுக்கு விழுது" என்பீர். இடுப்பு வலிக்கு எள்ளும் பனங்கட்டியும் இடித்துத் தின்போம். உமக்கும் எனக்கும் ஒரே உரல்தான்.

பிறகு உமக்கு மாதவிலக்கு நின்றது. நீர் சந்தோஷப்பட்டீர். இனித் துடக்கென்று விலகி நிற்கத் தேவையில்லை என்று, அந்த வருஷத் திருவிழாவில் ஒரு நாளும் விடாமல் கோயிலுக்குப் போனீர்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலை என் குசினி வாசலில் வந்து நின்று சிரித்தீர்.

"மச்சாள், நான் திரும்பச் சாமத்தியப்பட்டிட்டன்."

"அப்ப தண்ணி வார்க்க மாமனைக் கூப்பிடுவம்" என்றேன். புதிதாகப் பெரியபிள்ளையான குமருக்குச் செய்வதுபோல உளுத்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் விட்டுத் தந்தேன். சிரித்துச் சிரித்துத் தின்றீர். திரும்ப வந்த இரத்தம் நிற்கவில்லை. இரத்தம் ஊறட்டும் என்று முருங்கையிலை வறுத்தோம். மாறுகிற வயதின் குழப்பம் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

லோஞ்சில் ஏற்றிக் கடல் கடந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நீர் பாதி ஆளாகியிருந்தீர். "நிண்ட பிறகு வந்தால் அது நல்லதில்லை அம்மா. அப்பவே வந்திருக்கவேணும்" என்றார் டாக்குத்தர். கர்ப்பப்பையில் புற்று. மாரி தொடங்கமுன் போய்விட்டீர். செத்தவீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் வந்தவர்களுக்குப் பாய் விரித்தேன். இன்னும் அழுகை வரவில்லை.

இப்போதும் ஊர்ப்பெண்கள் என் கைமருந்து கேட்டு வேலியடிக்கு வருகிறார்கள். கொடுக்கமுன் ஒன்று மட்டும் கேட்பேன்: "நிண்டது திரும்ப வந்ததோ?" போன கிழமை ஒருத்தி, "ஓம் அக்கா, திரும்பக் குமராகிட்டன்" என்று சிரித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து லோஞ்சடிக்குக் கூட்டிப்போனேன். வழி முழுக்க அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் கையை விடவில்லை.