பதிவில் இல்லாத பேச்சு

இன்று காலை முதலியார்பேட்டையில் மீன் வண்டியிலிருந்து வழிந்த ஐஸ் தண்ணீர் என் காலை நனைத்தது. அந்தக் குளிர்ச்சியில் ஐஸ் பாக்டரி நடத்திய உன் ஞாபகம் வந்துவிட்டது. வண்டிக்காரர் ஏதோ கேட்டார். காதில் வாங்காமல் நடந்துவிட்டேன்.

மாலை நேர மின்சாரத்துக்குக் கூடுதல் கட்டணம், அதைக் கட்ட விரும்பாதவர்கள் அப்போது இயந்திரத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் யோசனை சொன்னதும் நீ என்னிடம்தான் ஓடிவந்தாய். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் வக்கீலாக இருக்கும்போது வேறு யாரிடம் போவாய்? ஆட்சேபணை மனுவைப் பக்கம் பக்கமாகச் சட்டப்பிரிவுகளால் நிரப்பினேன். உன் பாக்டரியில் ஐஸ் எப்படி உறைகிறது என்று மட்டும் உன்னைக் கேட்கவில்லை. மகா கெட்டிக்காரன் நான்!

ஆணையத்தின் பொது விசாரணையில் நீ மைக்கைப் பிடித்தாய்.

"ஐயா, நடுவுல மெஷின நிறுத்துனா..."

பேச்சு நீளும் என்று பயந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "எல்லாம் எழுத்துல குடுத்தாச்சிடா, உக்காரு." நீ மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாய்.

ஆணையம் கட்டணத்தை உறுதி செய்தது. மேல்முறையீடு செய்தோம். அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க மாட்டார்கள். ஆணையத்தின் முன் என்ன சொல்லப்பட்டது, அதைத் தள்ளியதற்கு ஆணையம் காரணம் சொன்னதா என்றுதான் பார்ப்பார்கள். காணொளி விசாரணையன்று என் அலுவலகத்தில் நீ பக்கத்தில் இருந்தாய். நடுவில் இயந்திரத்தை நிறுத்தினால் ஐஸ் கட்டியின் உள்பகுதி உறையாமல் வீணாகும் என்று நீ சொன்னதை அப்போதுதான் வாதமாக எடுத்தேன். இதை ஆணையத்திடம் சொன்னீர்களா என்று நீதிபதி கேட்டார். பதிவில் இல்லை என்றேன். மனு தள்ளுபடியானது.

"நான் சொல்ல வந்தனே, நீதானடா..." என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாய். "சரி உடு, வா டீ சாப்பிடலாம்."

அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றி நீ பேசவில்லை. கட்டணம் கட்டுப்படியாகாமல் பாக்டரியைப் பூட்டிய அன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் என் பிள்ளையின் படிப்பைத்தான் விசாரித்தாய். ஒரு வார்த்தை என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாமடா.

உன் காரியத்தன்று உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்கள மாதிரி நமக்காகப் பாடுபட்டவங்க யாருமில்லன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாருண்ணா."

நான் தலையாட்டினேன். உன்னை உட்காரச் சொன்னது நான்தான் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.