பெண் வீட்டார் கண்ணில் படக்கூடாத மாத்திரை

சுந்தராபுரம்,
14.9.2024

புது மாப்பிள்ளை நிதீஷுக்கு,

அக்கா செல்வநாயகி எழுதுவது. நான் நலம். உன் நலத்தைக் கேட்க இன்னும் மனசு வரவில்லை. போனில் பேசினால் "அதில்லீங்க அக்கா" என்று குறுக்கே விழுவாய். அதனால்தான் உன் எண்ணைத் தடுத்துவிட்டு எழுதுகிறேன்.

கல்யாணத்தின்போது என் பையிலிருந்த மன அழுத்த மாத்திரையை எடுத்து ஒளித்தது நீதான் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். உன் மாமனார் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவராம். அட்டையைப் பார்த்தால் என்ன நோய் என்று தெரிந்துவிடுமாம். பெண் தரமாட்டேன் என்றுவிடுவாராம். அடேயப்பா, என்ன மூளை! உன் தேங்காய் நார் மில்லில் மட்டையோடு சேர்த்துப் போட்டு அடித்தாலும் அதில் நார்கூடத் தேறாது.

"நாலு நாளு மாத்திரை திங்காட்டி என்ன கண்ணு ஆயிரப்போகுது?" என்றாள் அம்மா. என்ன ஆயிற்று என்று நான் சொல்கிறேன். அதை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. இணைச்சீர்ச் சடங்குக்கு மாப்பிள்ளையின் அக்காள்தானே நிற்க வேண்டும், நின்றேன். கூறைச்சேலையின் ஒரு நுனி உன் கையில், மறு நுனி என் இடுப்பிலிருந்த மூங்கில் பேழைமூடியில். தலைக்குள் கரண்ட் அடித்தது மாதிரி விட்டுவிட்டு இழுத்தது. மண்டபமே சுற்றியது. அழுகை தானாக வந்தது. "தம்பி மேல எத்தன பாசம் பாருங்க" என்று சனம் உச்சுக் கொட்டியது. பாசமாம்! கையில் தெம்பு இருந்திருந்தால் அந்தப் பேழைமூடியாலேயே உன்னை ஒரு சாத்து சாத்தியிருப்பேன்.

டாக்டரிடம் கேட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டேன். அது வேலை செய்யும்வரை நாளைத் தள்ள வேண்டுமே. காலையில் மொட்டை மாடியில் ஈரத்தலையோடு வெயில் காய்கிறேன். சாயங்காலம் பேக்கரியில் ஒரு டீ, ஒரு தேங்காய் பன். கீழ்வீட்டுக் கல்லூரிப் பெண் ஹிபா தொட்டியில் தக்காளி வைத்திருக்கிறாள். முதல் காய் பழுத்ததும் மாடியேறி ஓடிவந்து காட்டினாள். அன்றைக்குத்தான் நான் சிரித்தேன். உன் பந்தியில் வைத்த அத்தனை பலகாரமும் சேர்ந்து அதைச் செய்யவில்லை.

செல்வநாயகி

*

கிணத்துக்கடவு,
17.9.2024

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி நிதீஷ் எழுதுவதுங்க.

நல்லாத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். நாலு சனம் பேசுமேன்னுதானுங்க அப்படிச் செஞ்சுபோட்டேன். உங்களுக்கு இவ்வளவு ஆகும்னு சத்தியமாத் தெரியாதுங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை பொள்ளாச்சியில ஷ்ரவ்யா ஊட்டுல, எம் மாமனார் வெக்கற விருந்து. நீங்க வரோணும். மண்டபத்துல என்னாச்சுன்னு யாராச்சும் கேட்டா லோ சுகர்னு சொல்லிப்போடுங்க. நானும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கறேன். அம்மா உங்களுக்காகப் பருப்புப் பொடி அரைச்சு வெச்சிருக்குதுங்க.

தங்கள் தம்பி,
நிதீஷ்

*

சுந்தராபுரம்,
19.9.2024

நிதீஷ்,

லோ சுகராம்! நோயிலும் கௌரவமான நோய், கௌரவமில்லாத நோய் என்று பிரித்துவைத்திருக்கிறாய் போல. நான் விருந்துக்கு வந்தால் என் மாத்திரையின் பேரை இலை முன்னால் உட்கார்ந்து உரக்கச் சொல்வேன். சொன்னால் உனக்குச் சோறு இறங்காது. அதனால் வரவில்லை. பருப்புப் பொடியை நீயே தின்.

செல்வநாயகி

*

கிணத்துக்கடவு,
24.9.2024

அக்கா,

மோசம் போயிட்டமுங்க. ஷ்ரவ்யா பெட்டியில துணிக்கு அடியில ஒரு அட்டை கெடந்துச்சு. உங்க மாத்திரையேதானுங்க, அதே பேரு. காலேஜ் படிக்கறப்பவே இருந்து திங்கறாளாம். அவங்கப்பாவே கடையிலிருந்து எடுத்துக் குடுத்து, மாப்பிள்ளை ஊட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்காருங்க. எத்தனை நெஞ்சழுத்தம் பாருங்க! என்னை ஏமாத்திக் கட்டி வெச்சுட்டாங்க.

அட்டையப் புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பக்கத்துப் பெரியவங்களையும் வெச்சுப் பேசறோம். அவளைக் கொண்டுபோய் அவங்க ஊட்டுல உட்டுரலாம்னு அம்மா சொல்லுது. அந்த மாத்திரை திங்கறவங்க எப்படி இருப்பாங்கன்னு உங்களுக்குத்தானுங்க தெரியும். நீங்க வந்து சபையில நாலு வார்த்தை சொல்லோணும். உங்களை உட்டா எனக்கு யாருங்க இருக்கறாங்க?

நிதீஷ்

*

சுந்தராபுரம்,
27.9.2024

நிதீஷுக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. சிரிப்பதா, காறித் துப்புவதா என்று தெரியவில்லை. நீ ஒளித்தால் குடும்ப மானம், அவர்கள் ஒளித்தால் மோசடியோ? மாமனாரும் மாப்பிள்ளையும் நல்ல ஜோடிப் பொருத்தம். ஜாதகத்தை உங்கள் இருவருக்கும் பார்த்திருக்கலாம். நான் பட்டதை உட்கார்ந்து அத்தனை விவரமாக எழுதினேன். படித்துவிட்டும் அதே காரியத்தை இன்னொருத்திக்குச் செய்திருக்கிறாய். முதல் தடவை தெரியாமல் செய்தாய் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது உனக்கு எல்லாம் தெரியும்.

படித்த கையோடு பஸ் ஏறி வந்தேன். நீ மில்லுக்குப் போயிருந்தாய். அந்தப் பிள்ளை சமையல்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. "தலைக்குள்ள என்னமோ வெட்டி வெட்டி இழுக்குதுங்க அண்ணி. கேட்டா நடிக்கறன்னு சொல்றாங்க" என்றது. "எங்கூட வாரியா அம்மணி?" என்று கேட்டேன். செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை. அம்மா கதவை மறித்து, "ஊட்டு விசயத்த வெளிய கொண்டு போகாத கண்ணு" என்றாள். கையை விலக்கிவிட்டு வந்துவிட்டோம்.

பீரோச் சாவியை நான் கேட்கவில்லை. அதை நீயே இடுப்பில் கட்டிக்கொண்டு திரி. டாக்டரிடம் காட்டி வேறு அட்டை வாங்கிக் கொடுத்தாயிற்று. இரண்டு வாய் ரசம் சோறு தின்றுவிட்டு ஷ்ரவ்யா தூங்குகிறாள். உன்னிடம் திரும்பி வருவதா வேண்டாமா என்பதை எழுந்தபின் அவள் யோசிக்கட்டும். அவளாகக் கூப்பிடும்வரை இந்தப் பக்கம் வராதே.

சபையில் சொல்ல நாலு வார்த்தை கேட்டாயே. நான் வரப்போவதில்லை, நீயே எழுந்து நின்று வாசி: என் தம்பி கல்யாணத்துக்கு லாயக்கில்லாதவன்.

செல்வநாயகி