மாமனுக்கு யார் சொன்னது

வேலம்பாளையம்
9-5-1993

அன்பு மகன் வெள்ளியங்கிரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் பெண்டாட்டி மருதாள் பாதி சுகம், லூதியானாவில் நீயாவது முழுச் சுகமாக இருக்கக் கொண்டத்துக் காளியம்மன் துணை.

மருதாளுக்குத் தீட்டு நிற்காமல் போவதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன், இன்னமும் அப்படித்தான். விலகி உட்கார்ந்தால் பாதி மாதம் வாசலில்தான் கிடக்க வேண்டும், அதனால் சமையல்கட்டுக்கு வா என்று நானே சொல்லிவிட்டேன், சாமி கேட்டால் என்னைக் கேட்கட்டும். இங்கே பார்த்த டாக்டரம்மா கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், நாளைக்கே பெட் இருக்கிறது என்று சொன்னதையும் எழுதினேன் அல்லவா, இருபத்திமூன்று வயசுப் பிள்ளைக்கு ஒரு ஸ்கேன் கூட எடுக்காமல் அத்தனை என்ன அவசரம், எனக்கு அது சரியாகப் படவில்லை. மாற்றுத்துணி எடுத்து வருகிறோம் என்று சொல்லி எழுந்து வந்தவர்கள்தான், அந்தப் பக்கமே போகவில்லை. போன வாரம் கோயமுத்தூர் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தேன். சினைப்பையில் நீர்க்கட்டி, எலுமிச்சங்காய் அளவு இருக்கிறதாம். கட்டியை மட்டும் எடுத்தால் போதும், பிள்ளை பெறத் தடை இல்லை என்கிறார்கள். வைகாசிக் கடைசியில் ஆபரேஷன். அதுவரை பனியன் கம்பெனிக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். ரத்தம் ஊற ஈரலும் முருங்கைக்கீரையும் கொடுக்கிறேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்கிறாள்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பொங்கலூரிலிருந்து என் தம்பி தங்கவேலு, உன் மாமன்தான், வந்தான். காபி குடித்த கையோடு, ஏனக்கா, புள்ளைக்குக் கர்ப்பப்பை கெட்டுப்போச்சாமா, பையனுக்கு வேற பக்கம் பாத்தா என்னங்கக்கா என்கிறான். உள்ளே பருப்புக் கடைந்துகொண்டிருந்த மருதாளின் மத்துச் சத்தம் நின்றுவிட்டது. கம்பெனியில் மயக்கம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம், அவளைப் பெற்றவர்களுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. கர்ப்பப்பை பேச்சை உனக்கு ஒருத்தனுக்குத்தான் எழுதினேன். மாமனுக்கு யார் சொன்னது? கேட்டால் ஊருல பேசிக்கறாங்க என்று மழுப்புகிறான், ஊருக்கு யார் சொன்னது? நீ அவனுக்கு எஸ்.டி.டி. போட்டுப் பேசுவது எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாக உன் கடிதத்தில் மருதாள் பெயரே வருவதில்லை, அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் இல்லை. ஆபரேஷனுக்குப் புருஷன் கையெழுத்து வேண்டுமாம், லீவு சொல்லிவிட்டு வந்து போடு. வராவிட்டால் பெற்றவள் என்று சொல்லி நானே போட்டுவிடுவேன். அப்புறம் அவள் எனக்கு மகள், நீ இந்த வீட்டுக்கு மருமகனாகத்தான் வர முடியும், அதுவும் அவள் சம்மதித்தால்.

அங்கே வெயிலில் அலையாதே, மோர் குடி. பதிலை எனக்கு எழுதாதே, மருதாள் பெயருக்கு எழுது. ஆசீர்வாதம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான், உனக்கென்று தனியாகப் பிரித்து அனுப்பவில்லை.

இப்படிக்கு
உன் அம்மா
சென்னம்மாள்