மாப்பிள்ளைக்குச் சொல்லாத எண்ணெய்

தாரமங்கலம்,
விரோதி வருடம், ஆவணி 20

சிரஞ்சீவி தங்கமுத்துவுக்கு அப்பா எழுதியது. நானும் உன் அம்மாவும் நலம், பம்பாய் மழை உன்னைப் படுத்தாமல் இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

நீ அனுப்பி, நான் சைக்கிளில் மாட்டி ஓட்டிய இஞ்சின் இப்போது நம்மிடம் இல்லை. முழங்கால் வலியோடு வேட்டி மூட்டையை ஓமலூர் சந்தைக்கு மிதித்துக்கொண்டு போன எனக்கு அதுதான் காலாக இருந்தது. ஆடி முடிந்து சாரதாமணியைக் கூட்டிப்போக வந்தாரே உன் தங்கை புருஷன் தீர்த்தகிரி, அவர் கண் அதன்மேல் விழுந்துவிட்டது. கறிச்சோறு தின்று கை கழுவிய ஈரத்தோடு, அந்த வண்டி வந்தால்தான் உங்கள் பெண்ணும் வருவாள் என்று வாசலில் நின்று சொன்னார். தலை ஆடி மாப்பிள்ளை கேட்டதை மறுக்கலாமா என்று ஊராரும் அவர் பக்கமே பேசினார்கள். சரியென்று துடைத்துக் கொடுத்தேன். இதுக்கு என்ன ஊத்தோணுங்க மாமா என்றார். பெட்ரோலுங்க மாப்பிள்ளை என்றேன். பொய்யில்லையே. எண்ணெய் கலக்காமல் ஊற்றினால் உள்ளே வெந்து இறுகிப்போகும் என்று நீ எழுதியிருந்ததை மட்டும் விழுங்கிவிட்டேன். டாங்கியில் இருந்த கலவை தீரும்வரை ஓட்டினார். பிறகு வெறும் பெட்ரோலை ஊற்றி, போன சந்தையன்று சரிகைத் துண்டு போட்டுக்கொண்டு, நான் மூட்டை விரித்திருந்த இடத்தைத் தாண்டித்தான் மாட்டுச் சந்தைக்குள் வண்டியை விட்டார். நாலு முழம் போகவில்லை, இஞ்சின் இறுகி, பின் சக்கரம் பூட்டிக்கொண்டு, மனுஷன் சாணிச் சேற்றில் விழுந்தார். சந்தையே சிரித்தது. கை குடுக்கட்டுங்களா மாப்பிள்ளை என்று நான்தான் முதலில் போய்க் கேட்டேன். பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார். என் வயிறு குளிர்ந்தது சாமி, இன்னும் சூடாகவில்லை. நீ அனுப்பிய பொருளை நானே கொன்றேன் என்ற வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை. முழங்கால் குத்துகிறது, குத்தட்டும்.

சாரதாமணிமேல் கோபத்தைக் காட்டுவாரோ என்றுதான் பயந்தேன். உன் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நன்றாகத்தான் இருக்கிறாள். டாங்கி காலியானதும், உங்கப்பன் இதில் வேறென்னமாச்சும் ஊத்துவாரா என்று அவளையும் கேட்டாராம். ஆடி முழுக்கச் சந்தைக்குச் சந்தை எண்ணெயை அளந்து என் கையில் கொடுத்தவளே அவள்தான். எனக்கென்னங்க தெரியும், பெட்ரோல்தானுங்க என்றாளாம்.

வேளைக்குச் சாப்பிடு சாமி, நீ நீடூழி நல்லா இருக்க வேண்டும். இதைப் படித்ததும் அடுப்பில் போடு. இஞ்சினைச் சரிசெய்யச் சாமான் கேட்டு மாப்பிள்ளை உனக்கு எழுதுவார். மரியாதையாகப் பதில் போட்டு, கேட்டதையெல்லாம் அனுப்பி வை. எண்ணெயைப் பற்றி மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
சென்றாயன்