தேயிலை டப்பாவில் இருந்த கப்பல் சீட்டு

ஃபால் ரிவர், மாசசூசெட்ஸ்
3 அக்டோபர் 1926, ஞாயிறு

அன்புள்ள டூகலுக்கு,

நானும் எல்ஸ்பெத்தும் நலம். நீங்கள் அங்கே நலமாக இல்லை என்பது தெரிந்தே எழுதுவதால், நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் மனைவி மைசி எல்ஸ்பெத்துக்குப் போட்ட கடிதம் வியாழக்கிழமை வந்தது.

இதோடு ஒரு கப்பல் சீட்டும் எங்கள் கால்பந்து கிளப்பின் ஒப்பந்தத் தாளும் வைத்திருக்கிறேன். இரண்டிலும் உன் பெயர்தான் இருக்கிறது. தாளில் உள்ள தேதியைப் பார்த்ததும் என்னைத் திட்டுவாய். தாராளமாகத் திட்டு. ஜூன் மாதமே இவை என் கைக்கு வந்துவிட்டன.

நடந்தது இதுதான். எங்கள் மேனேஜர் ஹார்கிரீவ்ஸ் என்னைக் கூப்பிட்டு, 'ஏம்பா ராங்கின், உங்க லார்க்ஹால்ல நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாக்குற ஒருத்தன், பந்தைக் கால்ல ஒட்டி வச்ச மாதிரி ஆடுறானாமே, தெரியுமா உனக்கு?' என்றார். தெரியாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு என்று சொல்லித் தொலைத்தேன். முகம் தெரியாத கிளப் கூப்பிட்டால் யாரும் கடல் தாண்ட மாட்டார்கள் என்பதால், இங்கே ஸ்காட்லாந்துக்காரனை அழைக்க வேண்டுமென்றால் ஸ்காட்லாந்துக்காரனை விட்டுத்தான் எழுதச் சொல்வார்கள். சீட்டையும் தாளையும் என்னிடமே கொடுத்து, ஒரு கடிதமும் வைத்து அனுப்பச் சொன்னார். நான் அவற்றைப் பழைய தேயிலை டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

ஜூலையில் நீயே எழுதிக் கேட்டாய், அங்கே எனக்கொரு இடம் கிடைக்குமா என்று. இல்லை என்று பதில் போட்டேன். குளிர்காலத்தில் மைதானம் பாறையாகிவிடும், மில் புகையில் மூச்சு முட்டும் என்று இரண்டு பக்கம் வேறு. சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்குப் புகையைக் காட்டிப் பயமுறுத்தினேன். எழுதும்போதே வெட்கமாக இருந்தது, ஆனாலும் தபாலில் போட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மாவட்டக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மூன்று பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுவந்தவன் நான். நீ கடைசியில் காலை நீட்டினாய், கோல் விழுந்தது. ஊரே உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. ஈரப் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். எல்ஸ்பெத் என்னோடு பேச ஆரம்பித்து அப்போது மூன்றே வாரம், அவளும் உன் பெயரைத்தான் கத்தினாள். எப்போது கேட்டாலும், 'எல்லாரும் கத்துனாங்க, நானும் கத்துனேன். இதைப் போய் இன்னும் தூக்கிக்கிட்டுத் திரியிறியே' என்பாள். முன்வரிசையில் இடப்பக்கம் கோல் போடுகிற இன்சைட் லெஃப்ட் எப்போதும் உன் இடம், மிச்சமிருந்த இடம் எனக்கு. நல்ல சம்பளம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினேன். உண்மையில் நீ இல்லாத ஊராகப் பார்த்துத்தான் வந்தேன்.

இங்கே நான்கு வருடமாக அந்த இடம் என்னுடையது. வெள்ளிக்கிழமை மில் வாசலில் ஆட்டக்காரர் பட்டியலை ஒட்டும்போது என் பெயரை நான் தேட வேண்டியதில்லை. நான் கோல் போட்டால், போர்த்துக்கீசிய ரொட்டிக்கடைக்காரர் மெடெய்ரோஸ், 'வாங்க கோல்காரரே, உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்' என்று சூடாக இனிப்பு ரொட்டி தருவார். அந்த ரொட்டியை நீ தின்பாய் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். மேனேஜர் வாராவாரம், 'என்னப்பா, உன் ஆளு கடல்ல நடந்தா வர்றான்?' என்று கேட்பார். யோசிக்கிறானாம் என்று சொல்லி வைப்பேன்.

இந்த வருடம் எங்கள் லீகில் ஒரு புது விதி வந்திருக்கிறது. நம் ஊரில் கால் உடைந்தால்தான் ஒருவன் வெளியே போவான், மிச்சம் பத்துப் பேர் ஆடி முடிப்பார்கள். இங்கே இப்போது நல்லபடியாக நின்றுகொண்டிருப்பவனையே வெளியே அழைத்து, அவன் இடத்தில் வேறொருவனை இறக்கலாம். மேனேஜர் தொப்பியைத் தூக்கி அசைப்பார், அவ்வளவுதான். முந்தின வாரம் என்னைப் பார்த்து அசைத்தார். கவனிக்காததுபோல் எதிர்ப்பக்கக் கோட்டுக்கு ஓடிவிட்டேன். மறுபடி அசைத்தபோது குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினேன். கடைசியில் நடுவரே வந்து, 'ஐயா, உங்களைத்தான் கூப்பிடுறாங்க' என்றார். கூட்டம் சிரித்தது. உள்ளே போனவன் உன் கால் தூசுக்குப் பெறமாட்டான். அவனுக்கே இப்படியென்றால் நீ வந்தால் என் கதி என்ன என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் மைசியின் கடிதம் வந்தது. எல்ஸ்பெத் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தாள். கூலித் தகராறில் மே மாதம் பூட்டிய சுரங்கத்தை முதலாளிகள் இன்னும் திறக்கவில்லை, குழந்தைகள் சர்ச் கூடத்தில் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறார்கள், நீ கழிவு மேட்டில் சாக்கோடு கரி பொறுக்குகிறாய், போன மாதம் உன் ஆட்டக் காலணியை விற்றுவிட்டாய் என்று எழுதியிருந்தாள். காலணியை விற்றாய் என்றதும் எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது, டூகல். இனி இவன் ஆட மாட்டான் என்று. எல்லாவற்றையும் சொல்கிறவன் இதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த நொடி தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

'மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேளேன், ஆர்ச்சி. அவன் பேச்சை எடுத்தாலே ஏன் இப்படி வாயடைச்சுப் போற?' என்று எல்ஸ்பெத் கேட்டாள். நான் எழுந்துபோய் டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். சீட்டைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். பிறகு பேனாவைக் கொண்டுவந்து வைத்து, 'எழுது' என்றாள். வியாழனிலிருந்து அவள் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

கப்பல் கம்பெனியில் விசாரித்துவிட்டேன், சீட்டு வருடக் கடைசிவரை செல்லும். மேனேஜரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். மைசியும் குழந்தைகளும் வந்துசேரும்வரை எங்கள் மாடி அறையில் தங்கிக்கொள். காலணி வாங்காதே, என்னிடம் இன்னொரு ஜோடி இருக்கிறது. நம் இருவருக்கும் ஒரே அளவுதான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்றாவது ஒரு நாள் அவர் தொப்பியை அசைப்பார். நான் வெளியே வருவேன், நீ உள்ளே போவாய். கோட்டருகே நாம் எதிரெதிரே வரும்போது என் தோளைத் தட்டாதே. என் முகத்தையும் பார்க்காதே. நேரே போய் உன் ஆட்டத்தை ஆடு. கூட்டம் உன் பெயரைக் கத்தும்போது நானும் கத்திப் பார்க்கிறேன்.

கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும். குழந்தைகள் வயிறார உண்ணட்டும். சீக்கிரம் புறப்படு, என் மனம் மாறுவதற்குள்.

இப்படிக்கு,
நீ வந்து சேரும்வரை இன்சைட் லெஃப்ட்,
ஆர்ச்சி ராங்கின்